டேனரியில் காய்ந்த கட்டில்

பொறுமை வேண்டிய எந்த வேலையையும் என்னை நம்பிக் கொடுக்காதீர்கள். பாலை அடுப்பில் வைத்தால் அது பொங்குவதற்குள் நான் பொங்கிவிடுவேன். பஸ் வரவில்லை என்று அடுத்த ஸ்டாப்புக்கு நடக்க ஆரம்பிப்பேன். இரண்டு ஸ்டாப்புக்கும் சரியாக நடுவில் இருக்கும்போது அந்த பஸ் என்னைத் தாண்டிப் போகும். (என் வீட்டுக்காரர் பழைய ஸ்டாப்பிலேயே நின்று அதில் ஏறி, ஜன்னல் வழியாக எனக்குக் கை வேறு காட்டுவார்.) இப்படிப்பட்ட என்னிடம், கல்யாணம் நிச்சயமான வயதில், ஈர மரப் பலகைகளை ஒரு மழைக்காலம் முழுக்க வைத்திருந்து காயவிடும் பொறுப்பு வந்து சேர்ந்தது. அந்தப் பலகைகளில் செய்யவேண்டியது வேறு எதுவுமில்லை, என் கல்யாணக் கட்டில்.

எழுபதுகளின் கடைசி. ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றின் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். அப்பா இல்லை. அம்மா, நான், என் அண்ணன் தேவராஜ். அண்ணன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். கழுத்தில் தொங்கும் விசிலை வீட்டுக்கு வந்தும் கழற்ற மாட்டான். சாப்பாடு தாமதமானால் ஊதுவான். எனக்குப் பார்த்த மாப்பிள்ளை அரக்கோணம். சாமுவேல் என்று பெயர், கணக்கு வாத்தியார். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து தொடங்கிவிட்டால் எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் கல்யாணம் நடக்காது. ஈஸ்டர் தாண்ட வேண்டும். அதனால் லெந்துக்கு முன்னால் என்று முடிவு செய்தார்கள்.

நெமிலியில் இருக்கும் தாய்மாமன் தன் கொல்லையில் நின்ற வாகை மரத்தை வெட்டி, மில்லில் அறுத்து, பலகையாக லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். மாமன் சீர். ஐப்பசி பிறக்கப் போகிற நேரத்தில் வாசலில் வந்து இறங்கியது. பலகையைத் தொட்டால் கை ஈரமானது.

அண்ணன் பலகையைச் சுற்றி ஒரு நடை வந்தான்.

"இதெல்லாம் வேலைக்கு ஆவாது ஜெயா. மழை வேற வரப் போவுது. இத வித்துட்டு இரும்புக் கட்டில் ஒண்ணு வாங்கிடலாம். ஒரே நாள்ல வேலை முடிஞ்சிடும்."

"இரும்புக் கட்டிலா? கல்யாணமாயி போறேனா, இல்ல வார்டுல அட்மிட் ஆவப் போறேனா?"

"மரம்னா காயணும். காயறதுக்குக் காத்துட்டிருக்கணும். உன்னால ஆவுமா? இட்லி வேவறதுக்குள்ள நாலு தடவ மூடியத் தெறக்கறவ நீ."

எனக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? "என் கட்டில நானே செஞ்சு காட்டறேன். நீ அதுல விரல் கூட வெக்காத" என்று தெரு கேட்கக் கத்திவிட்டேன். அம்மா உள்ளேயிருந்து "மெதுவா, மெதுவா" என்றாள். கத்தியாகிவிட்டதே, இனி பின்வாங்க முடியுமா? கட்டில் கோணினால் அண்ணன் ஆயுசு முழுக்க என்னை ஓட்டுவான். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஆனால் மாமியார் வீட்டு நடு ஹாலில், முதல் நாளே, நான் கொண்டுபோன சாமானைப் பார்த்து நாலு பேர் சிரித்தால்? 

ஆசாரி வேலைக்கு வாணியம்பாடியிலிருந்து கரீம் பாய் வந்தார். பலகையைத் தட்டினார், முகர்ந்தார், தாடியைச் சொறிந்தார்.

"பச்ச மரம்மா. மழைக்காலம் பூரா நெழல்ல கெடக்கணும். வெயில் பட்டா வெடிச்சிரும், மழ பட்டா பூஞ்சக் காளான். காத்து மட்டும் வர்ணும். பலகைக்கும் பலகைக்கும் நடுவுல ரீப்பர் சட்டத் துண்டு வெச்சு அடுக்கணும். மேல நல்லா பாரம் ஏத்தணும். பாரம் கம்மியாச்சுன்னு வை, பாம்பு மாதிரி முறுக்கிக்கும்."

"எப்ப செய்ய ஆரம்பிக்கலாம் பாய்?"

"பொங்கல் போவட்டும்."

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடி முடியாதா?"

"பேஜார் பண்ணாதம்மா. மரம் இன்னா உன் டைப்பு மிஷினா, தட்னா வர்றதுக்கு?"

முதலில் வீட்டுக்குள்தான் அடுக்கினோம். எங்கள் வீட்டு ஓடு மழைக்கு ஒழுகும் இடமெல்லாம் எங்களுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தோம். பலகை வந்த பிறகு புது இடங்கள் தெரிந்தன. நடு வீட்டை அடைத்துக்கொண்டு கிடந்த அடுக்கில் அம்மா தினம் ஒரு தடவை இடித்துக்கொண்டாள். கோயில் பின்னறையில் வைக்கலாமா என்று கேட்கப் போனேன். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் குட்டியார் "கிறிஸ்துமஸ் டிராமாவுக்கு ஸ்டேஜ் போடப் பலகை கம்மியா இருக்குதுன்னு நானே ஜெபம் பண்ணிட்டிருந்தேன், கொண்டாம்மா கொண்டா" என்று ஆனந்தமாக எழுந்து வந்தார். நான் அப்படியே திரும்பி ஓடிவந்துவிட்டேன்.

அப்போதுதான் எனக்கு அந்த மகத்தான யோசனை தோன்றியது. எங்கள் டேனரியின் குடோன்! ஊரிலேயே சொட்டுத் தண்ணீர் ஒழுகாத கூரை அதுதான். பச்சைத்தோல் மழையில் நனைந்தால் அழுகிவிடும் என்று கூரையைக் கண்ணும் கருத்துமாக வைத்திருப்பார்கள். இரண்டு பக்கமும் காற்றுத் துவாரம். உள்ளே வெயில் எட்டிப் பார்க்காது. மேனேஜரிடம் கேட்டேன், ஒரு மூலையைக் கொடுத்தார். கரீம் பாயே வந்து பார்த்து "அடடா, மாப்பிள்ள மாதிரி வெச்சுக்கலாம் இங்க" என்று சான்றிதழ் கொடுத்து, ரீப்பர் துண்டு வைத்து அழகாக அடுக்கினார். "மேல பாரத்த மட்டும் நீ பாத்து ஏத்திடும்மா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

பாரத்துக்கு எங்கே போவது? குடோன் மேஸ்திரி முனுசாமியைக் கேட்டேன்.

"பாரம்னா இன்னாத்துக்கும்மா கல்லத் தேடற? தோல் கட்டு இருக்குது பாரு. ஒண்ணத் தூக்கினா முதுகு ஒடியுது."

"அப்ப வைங்க மேஸ்திரி. நல்லா ஜாஸ்தியாவே வைங்க."

வைத்தார்கள். உப்புத்தோல் என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். உரித்த தோல் கெட்டுப்போகாமல் இருக்க அதில் கை கையாக உப்பை அள்ளித் தேய்த்து மடித்துக் கட்டி அனுப்புவார்கள். அந்த உப்பு தோலிலிருக்கும் நீரையெல்லாம் உறிஞ்சி, உப்புத் தண்ணீராகச் சொட்டச் சொட்டக் கிடக்கும். அப்படிப்பட்ட கட்டுகளைத்தான், கல்யாணக் கட்டில் ஆகப்போகிற பச்சைப் பலகை மேல், நானே நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஏற்றச் சொன்னேன். பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தராவது "ஏம்மா, இது சரியா?" என்று கேட்டார்களா? கேட்கவில்லை. எங்கள் ஊரில் தோல் என்பது அரிசி மூட்டை மாதிரி.

நாற்றம்? அந்தப் பேச்சே எழவில்லை. வெளியூர் பஸ் ஆம்பூருக்குள் நுழையும்போது உள்ளே இருப்பவர்கள் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைப்பார்கள். எங்களுக்கு அது ஏன் என்றே தெரியாது. சின்ன வயதில் நான் அவர்களுக்கெல்லாம் ஜலதோஷம் என்று நினைத்திருந்தேன்.

அடுக்கியாயிற்று, பாரம் ஏற்றியாயிற்று, இனி பொங்கல்வரை அதைச் சும்மா விடவேண்டும். அதுதானே என்னால் முடியாது! மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் டிபன் பாக்ஸைத் திறக்காமல் குடோனுக்கு ஓடுவேன். பலகை ஓரத்தைக் கொண்டை ஊசியால் கீறிப் பார்ப்பேன். கன்னத்தை வைத்துப் பார்ப்பேன். மேலே இருக்கிற பலகையைக் கீழே மாற்றச் சொல்வேன். மறுநாள் கீழே இருப்பதை மேலே மாற்றச் சொல்வேன். முனுசாமி மேஸ்திரி என்னைத் தூரத்தில் பார்த்தாலே பீடியை அணைத்துவிட்டு வேறு பக்கம் போக ஆரம்பித்தார். "இந்தப் பொண்ணு கல்யாணமாயி போனாதான் எனக்கு விடிவு காலம்" என்று ஆபீசில் வந்து சொல்லியிருக்கிறார்.

ஒரு நாள் பார்க்கிறேன், அடுக்கின் கீழேயிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மரத்தின் ஈரம் வெளியே போகிறதாம்! வீட்டுக்கு வந்து அண்ணனிடம் பீற்றிக்கொண்டேன்.

"மரம் தண்ணி விட ஆரம்பிச்சிருச்சு. பொங்கல் வரைக்கும் எதுக்கு, முன்னாடியே காஞ்சிடும் பாரு."

"தண்ணி விடுதா?" அண்ணன் நெற்றியைச் சுருக்கினான். ஆனால் மரத்தைப் பற்றி அவனுக்கும் ஒன்றும் தெரியாது. அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை. நான் மறுநாளே இன்னும் இரண்டு கட்டு ஏற்றச் சொல்லிவிட்டேன்.

பொங்கல் முடிந்தது. கரீம் பாய் வந்து பலகைகளை வெளியே எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு கோணல் இல்லை. ஒரு வெடிப்பு இல்லை. ஸ்கேலாக வைத்துக் கோடு போடலாம். "மாஷா அல்லா, என் சர்வீஸ்ல இப்படி ஒரு பலக பாத்ததில்ல" என்றார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் வானத்தைப் பார்த்தான். அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்னொரு மழைக்காலம்கூட டேனரியில் நின்றிருப்பேன்.

வேலை ஆரம்பித்த பிறகு கரீம் பாய் ஒரு தினுசாக முனகிக்கொண்டே இருந்தார்.

"இன்னாம்மா இது, நேத்து தீட்டி வெச்ச இழைப்புளி இன்னிக்கி துரு புடிச்சிக் கெடக்குது."

"நல்ல எண்ணெய் போட்டு வைங்க பாய்."

"பாலிஷும் புடிக்க மாட்டேங்குது. அங்கங்க வெள்ள வெள்ளயா பூக்குது."

"இன்னொரு கோட்டு அடிங்க பாய்."

எல்லாக் கேள்விக்கும் அப்போது என்னிடம் பதில் இருந்தது. கட்டில் முடிந்து நின்றபோது சும்மா சொல்லக்கூடாது, ராஜா வீட்டுக் கட்டில் மாதிரி இருந்தது. தலைமாட்டில் திராட்சைக் கொடி செதுக்கியிருந்தார். தெருவே வந்து பார்த்தது. ஒருவர்கூட மூக்கைச் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் அவர் ஆம்பூர்க்காரரே இல்லை.

கல்யாணம் ஆம்பூரில் நடந்தது. கட்டிலையும் மற்ற சாமான்களையும் லாரியில் ஏற்றிக்கொண்டு அண்ணன் அன்றைக்கே அரக்கோணம் போய்ச் சேர்ந்தான். மாமியார் வீட்டாரும் அன்றே திரும்பிவிட்டார்கள். மறுநாள் ரயிலில் மாப்பிள்ளையும் நானும் போனோம். சாயங்காலம் போதகர் ஐயா வந்து வீட்டு ஜெபம் செய்வதாக ஏற்பாடு.

வாசலில் காலை வைத்தபோதே வீட்டில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. என் மாமியார் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ரிடையர் ஆனவர். வெள்ளைச் சேலையில் ஒரு சுருக்கம் இருக்காது. அவர் புது மருமகளைப் பார்த்துச் சிரித்தார். சிரித்தபடியே மூக்கு மட்டும் தனியாக ஒரு பக்கம் திரும்பிக்கொண்டது.

"ஒண்ணுமில்லம்மா. வீட்ல எங்கயோ எலி செத்துக் கெடக்குது போல. நேத்து சாயந்தரத்துலருந்து ஒரே நாத்தம். தேடறோம், கெடைக்கல."

எனக்கு ஒரு நாற்றமும் தெரியவில்லை. ஆனால் வேலை என்று ஒன்று காதில் விழுந்துவிட்டதே! கை கட்டிக்கொண்டு உட்கார எனக்கு வருமா? பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "நீங்க இருங்க அத்த, நான் பாக்கறேன்" என்று பரணில் ஏறிவிட்டேன். புதுப்பெண் பரணில் நின்று தகரப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்க, மாப்பிள்ளை வீட்டுச் சொந்தமெல்லாம் அண்ணாந்து பார்த்து நின்றது. நான்தான் அரிசிப் பானையைக் கவிழ்க்கச் சொன்னேன். நான்தான் சாக்கடையில் பினாயிலை ஊற்றினேன். பக்கத்து வீட்டுக் கருவாட்டின் மேல் சந்தேகப்பட்டதும் நான்தான். அந்த அம்மா "எங்க வீட்ல இன்னிக்கி சாம்பாரு" என்று சண்டைக்கு வந்துவிட்டார். நாற்றமே தெரியாத ஒருத்தி தலைமை தாங்கி நாற்றத்தைத் தேடிய கதை இது.

கடைசியில் என் வீட்டுக்காரர், அதுவரை வாயே திறக்காத மனுஷர், மெதுவாகப் போய்த் தலைமாட்டுத் திராட்சைக் கொடியில் மூக்கை வைத்தார். சடாரென்று நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"ஜெயா, இத கொஞ்ச நேரம் வெளிய வெக்கலாமா?"

"எத? என் கட்டிலயா? எதுக்கு?"

"காத்தாட..."

"கட்டிலுக்கு இன்னாத்துக்குக் காத்து? புது வாகை மரம். மரத்துக்குன்னு ஒரு வாசன இருக்கும்." எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. கல்யாணமாகி இரண்டாம் நாள்.

மாமியார் என் தோளில் கை வைத்தார். "கோவிச்சுக்காதம்மா. ராத்திரி இந்த ரூம்ல மனுஷன் படுக்க முடியாது."

கட்டில் பின்பக்கத்து முற்றத்துக்குப் போனது. வீட்டுக்குள் பினாயில் நெடி தாங்காததால் போதகருக்கும் வந்தவர்களுக்கும் நாற்காலிகளும் அங்கேயே போயின. ஒரு பக்கம் நாற்காலிகள், ஒரு பக்கம் முருங்கை மரத்தடியில் என் கட்டில். போதகர் கண்ணை மூடி ஆரம்பித்தார்.

"கிருபை நிறைந்த ஆண்டவரே, இந்தப் புதிய குடும்பத்தை..."

சளக். சளக்.

நான் ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். பால்காரர் கோவிந்தனின் பசு. பக்கத்துக் கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்தது, வேலி இடுக்கு வழியாக வந்து என் தலைமாட்டுப் பலகையைச் சாவதானமாக நக்கிக்கொண்டிருந்தது. "உஸ்" என்றேன். அது கேட்கவில்லை. திராட்சையில் ஆரம்பித்து இலை இலையாக மேலே போனது. கொஞ்ச நேரத்தில் இரண்டு ஆடுகள் வந்து ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டன.

"...இவர்கள் படுக்கையையும் எழும்புதலையும் ஆசீர்வதித்து..."

சளக் சளக் சளக்.

என்னால் முடியவில்லை. ஜெபத்துக்கு நடுவில் எழுந்து ஓடி, "அய்யய்யோ, எங் கட்டிலு! ஏய், போ! ஹை! ஹை!" என்று பசுவின் கொம்பைப் பிடித்து இழுத்தேன். பசு என்னையும் இழுத்துக்கொண்டு இன்னொரு மூலையை நக்கப் போனது. அண்ணன் பதறிப்போய் விசிலை எடுத்து முழு மூச்சில் ஊதினான். மாடு அசையவில்லை. போதகர்தான் திடுக்கிட்டு "ஆமென்" சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் பலகையை விரலால் தடவி நாக்கில் வைத்தார். கணக்கு வாத்தியார் அல்லவா, விடை தெரியாமல் விடமாட்டார். "உப்பு" என்றார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "குடோன்ல பாரத்துக்கு இன்னாத்த வெச்ச?"

"தோல் கட்டு."

"உப்புத்தோலா?"

 அவன் தன் தலையில் அடித்துக்கொண்டான். "மழைக்காலம் பூரா ஊறுகாய் போட்டு வெச்சிருக்கா! நீங்க கவலப்படாதீங்க அத்த, நாளைக்கே நான் ஒரு இரும்புக் கட்டில் அனுப்பிடறேன்."

அந்த இரும்புக் கட்டில் என்ற வார்த்தை காதில் விழுந்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. கொம்பைப் பிடித்த கையை விடாமலே அழுதேன். அத்தனை பேர் முன்னால், மூக்கு ஒழுக, பட்டுச் சேலையில் சாணி. இந்த வீட்டில் இனி எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது என்று உண்மையாகவே தெரியவில்லை. 

நிலைமையைச் சமாளிக்க நினைத்தோ என்னவோ, போதகர் மாமியாரிடம் மெல்லக் கேட்டார். "பொண்ணு வீட்டுச் சீருங்களா?"

மாமியார் பசுவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டுச் சொன்னார்.

"ஆமாங்க ஐயா. சீரு மாட்டுக்கு வந்துச்சு. எங்களுக்கு மருமக வந்துட்டா, போதும்."

முதலில் சிரித்தது என் வீட்டுக்காரர். பிறகு கருவாட்டுக்குச் சண்டை போட்ட பக்கத்து வீட்டம்மா, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி. கடைசியில் அழுதுகொண்டே நானும்.

கட்டிலைத் திரும்ப உள்ளே எடுக்க முடியவில்லை. எத்தனை தடவை கழுவினாலும் மழை மூட்டம் போட்டால் அதற்கு வியர்த்துவிடும். தூக்கி எறியலாம் என்றபோது கோவிந்தன் ஓடிவந்தார். "அம்மா, அம்மா, எறியாதீங்க. அத நக்கறதுலருந்து மாடு நல்லா தண்ணி குடிக்குது, பாலும் ஜாஸ்தி கறக்குது" என்றார். பின்பக்கத்து முற்றத்திலேயே அது வருஷக்கணக்கில் நின்றது. எங்கள் வீட்டில் பாலுக்குக் குறை இருக்கவில்லை. அண்ணன் அனுப்பிய இரும்புக் கட்டில் திரும்பிப் படுத்தால் கிறீச்சிடும். அதை இன்றுவரை அவனிடம் நான் சொன்னதில்லை.

அந்த வருஷம் கோடை லீவுக்கு ஊருக்குப் போனேன். ரயில் ஆம்பூரில் நின்றது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். இறங்கிய வேகத்தில் முந்தானை தானாக மூக்குக்குப் போனது.

"அய்யே! இன்னா நாத்தம் இது!"

எதிரே என்னை அழைத்துப்போக வந்த அண்ணன். ஒரு நிமிஷம் என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு பிளாட்பாரத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வீடு வரைக்கும் சிரித்தான். வாசலிலிருந்தே "அம்மா, வெளிய வா, உன் பொண்ணு அரக்கோணத்துக்காரி ஆயிட்டா, நம்ம ஊரு நாறுதாம்" என்று கூவினான்.

அம்மா சிரிக்கவில்லை. என்னை உள்ளே வரச் சொல்லிவிட்டு, நான் பார்க்காதபோது தன் முந்தானையை எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டாள்.  போய்ப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு, அவள் கழுத்தில் மூக்கைப் புதைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அண்ணனுக்கு அந்தப் பரிதாபமெல்லாம் கிடையாது. இப்போது அவன் ரிடையர் ஆகி, தலை நரைத்து, பேரன் பேத்தி எடுத்துவிட்டான். ஆனாலும் நான் ஊருக்குப் போய் வாசற்படி ஏறுவதற்கு முன்னால், பேரன் பேத்திகளை வரிசையாக நிற்கவைத்து, சலவை செய்த கைக்குட்டை ஒன்றை மரியாதையாக என்னிடம் நீட்டுவான். நானும் மரியாதையாக வாங்கி, நன்றாக மூக்கைச் சிந்தி, அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போவேன்.